வடக்கே ஒன்றரை அடி

சித்திரை 16, திங்கள், 2018

காணி விட்டுவிட்டார்களாம். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். ஈச்சம்புலத்தில் கடற்கரை வீதிக்குத் தெற்கே, இராணுவ முகாமுக்காக எடுத்திருந்த துண்டு முழுவதும். பத்திரிகை 'விடுவிப்பு' என்று எழுதியிருக்கிறது. ஏதோ காணிதான் குற்றம் செய்து, இருபத்தெட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு, நன்னடத்தையில் வெளியே வருவது போல.

அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எங்கடையுமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். இரண்டு பேருக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை.

பத்து மணிக்குச் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு இரசாயன ரியூஷன். வகுப்பு நடக்கும் கொட்டிலுக்கு எதிரே என் பழைய மாணவன் மோட்டார் சைக்கிளில் போனான். நான் பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியராக இருந்த பாடசாலையில் நிரந்தர நியமனம் எனக்குக் கிடைக்கவில்லை, அவனுக்குக் கிடைத்தது. இப்போது அங்கே அதிபர். என்னைக் கண்டால் "சேர்" என்று வேகத்தைக் குறைப்பான். நிறுத்தமாட்டான்.

சித்திரை 18, புதன்

ஊருக்குப் போனோம். ஊர் இல்லை.

சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடந்தோம். கண்ணை மூடிக்கொண்டே வீட்டுக்குப் போவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். கண்ணைத் திறந்துகொண்டும் போக முடியவில்லை. வீடுகளை இடித்துக் கல்லையும் கொண்டுபோய்விட்டார்கள். கிணறுகளை மூடி மேலே செம்மண் பரப்பி வாழை வைத்திருக்கிறார்கள். ஒழுங்கைகளும் இல்லை. ஒரு அம்மா மண்ணை அள்ளி நெற்றியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அது உங்கடை காணி இல்லை, இரண்டு காணி தள்ளி என்று யாரோ சொன்னார்கள். எழுந்து அங்கே போய் இருந்து மறுபடி அழுதார்.

மிச்சமாக இருப்பது ஒரு வரிசைப் பூவரச மரங்கள் மட்டும். வாகனம் நிறுத்த நிழல் வேண்டுமென்று விட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். அந்த வரிசை எது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது எங்கள் தெற்கு வேலி. வேலிக்கு நட்ட கதியால்கள், கையளவு தடிகள், ஆள் இல்லாத ஊரில் மரமாகிவிட்டன.

மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டில். வாசலில் பிரதிவாதி.

யார் என்று எழுதிவிடுகிறேன். தர்மகுலசிங்கம். என் சொந்த மாமியின் மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவன். எங்களைப் பெற்ற ஐயா மாவட்ட நீதிமன்றத்தில் போட்ட எல்லை வழக்கில் இரண்டாம் பிரதிவாதி. முதலாம் பிரதிவாதி அவனுடைய தகப்பன், அவர் செத்துவிட்டார். ஒரு காலத்தில் வேறு முறை சொல்லிக் கூப்பிட்டோம். இந்தக் குறிப்பில் அவன் பிரதிவாதிதான்.

"வந்திட்டியளோ" என்றான் அக்காவைப் பார்த்து. பன்மை. அது அவளுக்குக் கொடுத்த மரியாதையா, என்னையும் சேர்த்ததா என்று தெரியவில்லை. நான் மரங்களை எண்ணத் தொடங்கினேன். அக்கா தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

சித்திரை 20, வெள்ளி

முதுகு நோவு. கோதுமை மா முடிந்துவிட்டது. காலில் போட்ட சப்பாத்தின் அடியில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவ அக்கா விடவில்லை.

வைகாசி 3, வியாழன்

பிரதேச செயலகம். மூன்று மணி நேரம் மர வாங்கில் குந்தியிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் வீட்டில் எத்தனை கதவு, எத்தனை யன்னல் என்று விரல் மடித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். யன்னலில் ஒவ்வொரு தடவையும் பிழைத்தது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெண் விசாகினி. இருபத்தாறு வயது இருக்கும். அவள் பிறக்கும் முன்னரே நாங்கள் அகதி. ஆனால் ஒழுங்காகக் கதைத்தாள், அதை மறுப்பதற்கில்லை. வீட்டுக்கு இழப்பீடு உண்டு. வீடு கண்ணுக்குத் தெரியாதபடியால், அது நின்ற இடத்தில் அத்திவாரத்தைக் காட்ட வேண்டும். அதோடு பக்கத்துக் காணிக்காரர் எல்லையில் பிணக்கு இல்லையென்று கையெழுத்து வைக்க வேண்டும். நாங்களும் அவர்களுக்கு வைக்க வேண்டும்.

எங்கள் வடக்கு எல்லை பொன்னம்பலத்தார் காணி. பிள்ளைகள் நோர்வேயில், அவர்கள் எதற்கும் கையெழுத்து வைப்பார்கள். கிழக்கும் மேற்கும் ஒழுங்கை. தெற்கு எல்லை பிரதிவாதி. எங்கள் காணி உறுதிப் பத்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது: 'தெற்கு, தர்மகுலசிங்கம் காணி'. அவனுடைய உறுதியில் வடக்கு எல்லையாக ஐயாவின் பெயர். அவன் பெயரைச் சொல்லாமல் என் காணி எது என்று எனக்கே சொல்ல முடியாது. இந்த உறுதி எழுதும் முறையைக் கண்டுபிடித்தவனை யாரும் வழக்கில் சேர்க்கவில்லை.

வழக்கு இருக்கிறது என்று சொன்னேன். முடிந்ததா என்று கேட்டாள். வழக்குக் கோவையும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை, நீதிபதி எங்கே என்றும் தெரியாது, ஆனால் தீர்ப்புச் சொல்லப்படவில்லை, ஆகவே முடியவில்லை என்றேன். அப்படியென்றால் பிணக்குக் காணி, அது தனி வரிசை என்றாள். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"சேர், அதிலை இருக்கிற ஆக்களை நான் அவசரப்பட வேண்டாமெண்டு சொல்லுறனான்" என்றாள்.

வெளியே வந்ததும் அக்காவுக்கு விளக்கினேன். சட்டப்படி நாங்கள் உறுதியான இடத்தில் நிற்கிறோம் என்றேன். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி 9, புதன்

வழக்கின் விபரத்தை ஒரு இடத்தில் எழுதி வைப்பது நல்லது.

எங்கள் ஊரில் வருடா வருடம் மழை தொடங்க வேலி அடைப்பார்கள். பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதிதாக நடுவார்கள். தெற்கு வேலி அவர்கள் பொறுப்பு. பிரதிவாதியும் தகப்பனும் ஒவ்வொரு வருடமும் புதிய கதியாலைப் பழைய குழியில் நடுவதில்லை. நான்கு விரல் எங்கள் பக்கம் தள்ளி நடுவார்கள். நான்கு விரலை யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் கவனித்தேன். பல்கலைக்கழகத்தில் அளவு பிழைத்தால் பரிசோதனை பிழை என்று படித்து வந்தவன் நான். சீமெந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன். ஒன்றரை அடி போய்விட்டது என்று கணக்குப் பார்த்து ஐயாவிடம் சொன்னேன். ஐயா முதலில் விடு என்றார். பிறகு வழக்குப் போட்டார். கடைசிக் காலத்தில் திரும்பவும் விடு என்றார். வயது போனால் மனிதர் தளர்ந்துவிடுவார்கள்.

அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஒழுங்கையால் சுற்றிப் போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்வர வேலியில் விடுகிற இடைவெளி. ஒரு குடத்தோடு ஒரு ஆள் நுழைகிற அகலம். மாமியின் வீட்டுக் கிணற்றில்தான் எங்களுக்குக் குடிதண்ணீர். வழக்குக் கொடுத்தவன் வீட்டில் பிரதிவாதி வீட்டுக்குப் பொட்டு இருப்பது வழக்கைப் பலவீனப்படுத்தும் என்று சட்டத்தரணி சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் நானே பனைமட்டையும் முள்ளுக்கம்பியும் வைத்து அடைத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது.

அந்த வருடம் அக்காவுக்குப் பேசியிருந்த கலியாணமும் நின்றது. மாப்பிள்ளை வீடு வேலிக்கு அந்தப் பக்கம் என்றபடியால் நின்றது இயல்பே. பிறகு அவளுக்கு நான் இரண்டு இடம் பார்த்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள்.

ஆனியில் சண்டை வந்து எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. அடைத்த வேலிக்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

வைகாசி 20, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்து கதிரையில் இருந்தார். இருந்தால் விசயம் பெரிது. மகனுக்குக் கலியாணமாம், பின் அறை வேண்டுமாம், வருடம் முடியும் வரை பொறுப்பாராம். தேநீர் குடித்து, சீனி குறைவென்று சொல்லிவிட்டுப் போனார்.

இடம்பெயர்ந்த பிறகு இது எங்களுக்கு ஒன்பதாவது கூரை. முதலாவது ஒரு பாடசாலை வகுப்பறை, இரண்டு மேசைக்கு நடுவே சேலை கட்டினோம். பின்னேரம் இரண்டு இடத்தில் வாடகைக்குக் கேட்டேன். எத்தனை பேர் என்றார்கள். நானும் அக்காவும் என்றேன். இந்த வயதில் ஏன் இரண்டு பேரும் தனிய என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அறை இல்லை என்றார்கள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்கென்று கதவு பூட்டுகிற ஒரு அறை ஈச்சம்புலத்தில் இருந்தது. அதன் பிறகு இல்லை. இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்வதில்லை.

ஆனி 4, திங்கள்

அக்கா ஊர்க் காணியில் புல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று தனிய வெளிக்கிட்டாள். மூன்று அடுக்குச் சாப்பாட்டுக் கரியரையும் கொண்டு போனாள். நான் வகுப்பு முடித்து வர அவளும் வந்தாள். முருங்கை இலை கொண்டு வந்திருந்தாள். எங்கள் காணியில் முருங்கை இல்லை.

கரியர் பளபளவென்று இருந்தது. சாம்பல் போட்டு மினுக்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. சாம்பல் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. முருங்கை இலை வறை நன்றாக இருந்தது.

ஆனி 15, வெள்ளி

அன்று இதே திகதியில்தான் வெளிக்கிட்டோம். அக்கா மத்தியானம் சமைக்கவில்லை. பாண் வாங்கி வந்தேன்.

ஆடி 11, புதன்

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

விசாகினி ஒரு நில அளவையாளரையும் மண்வெட்டியோடு இரண்டு பேரையும் கூட்டி வந்தாள். பிணக்கு இருக்கிறதா என்பதை எழுத முன் ஒருதடவை அளந்து பார்ப்போம் என்று அவளே ஏற்பாடு செய்தது. பிரதிவாதி வெள்ளைச் சேட்டுப் போட்டு நின்றான். தேய்க்காத சேட்டு. தன் அத்திவாரத்தை ஏற்கெனவே தோண்டிக் காட்டிவிட்டானாம். என் கையெழுத்துக்காகத்தான் அவனுடைய விசயமும் நிற்கிறது. மழை வர முன் தகரத்தை மாற்ற வேண்டும் என்று விசாகினியிடம் சொன்னான், என்னிடம் இல்லை.

அளவையாளர் கிழக்கு ஒழுங்கை முகப்பில் பற்றையை வெட்டிப் பழைய அளவைக் கல்லைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து கருவியை வைத்துப் பார்த்தார், இரண்டாம் தரமும் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பூவரச வரிசை உண்மையான எல்லையில் இல்லை. எங்கள் காணிக்குள் ஒன்றரை அடி வந்து நிற்கிறது.

ஒன்றரை அடி. நான் அன்று கணித்தது அதேதான்.

முப்பது வருடம் இந்த வசனத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். அதைக் கேட்க ஐயா இல்லை, சட்டத்தரணி இல்லை, வழக்குப் பைத்தியம் என்று என்னைச் சொன்ன ஊர்ச்சனம் இல்லை. ஒரு அரசாங்கப் பெண்ணும் இரண்டு மண்வெட்டிக்காரரும் இருந்தார்கள். ஒருவன் பீடி பற்றவைத்தான்.

பிரதிவாதியைப் பார்த்தேன். மறுப்பான் என்று நினைத்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"ஓம், தள்ளித்தான் போட்டது" என்றான். "அப்பு தள்ளினார், பேந்து நான் தள்ளினன். அம்மான் சும்மாவே இருந்தவர்? அவர் தன்ரை வடக்கு வேலியைப் பொன்னம்பலத்தாரின்ரை காணிக்குள்ள தள்ளினவர். பொன்னம்பலத்தார் றோட்டுக்குள்ள தள்ளினவர். முழு ஊருமே வருசத்துக்கு நாலு விரல் வடக்கை போய்க்கொண்டு இருந்தது, தங்கச்சி. எங்களைக் கலைக்காமல் விட்டிருந்தால் இப்ப எல்லாரும் கடலுக்குள்ளதான் நிண்டிருப்பம்."

விசாகினி சிரித்துவிட்டாள். மண்வெட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அம்மான் என்று அவன் சொன்னது என் ஐயாவை. இறந்த மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. அளவையாளர் வடக்கு எல்லையையும் அளந்தார். அங்கே அவர் சொன்னதை இதில் எழுதவில்லை. அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

பிறகு அத்திவாரம். நான் இடம் காட்டினேன், தோண்டினார்கள். செம்மண். இன்னொரு இடம் காட்டினேன். செம்மண். வாழை வைக்கக் காணி முழுவதையும் உழுது, மேடு பள்ளமும் மாற்றியிருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்வது. மூன்றாவது குழியும் வெறுமையாக வந்தபோது அளவையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போது அக்கா பூவரச வரிசைப் பக்கம் போனாள். மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்து ஒரு இடத்தில் நின்றாள். அங்கே மட்டும் மர வரிசையில் ஒரு இடைவெளி. குடத்தோடு ஒரு ஆள் நுழைகிற அகலம்.

நான் அடைத்த இடம்தான். பனைமட்டை உக்கிப் போயிருக்கும், கம்பியை யாரோ எடுத்திருப்பார்கள். கதியால் நட்டிருந்தால் அதுவும் மரமாகியிருக்கும். மட்டை பட்ட பொருள், முளைக்காது. அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா பொட்டுக்குள் நின்று மாமி வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினாள். பிறகு நடந்தாள். கீழே பார்க்கவில்லை. இடுப்பில் குடம் இருப்பது போல ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். ஓரிடத்தில் இடது பக்கமாக விலகினாள். அங்கே முன்பு ஆட்டுக்கல் கிடந்தது. இல்லாத கல்லுக்கு விலகிப் போய், இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்து, நின்றாள்.

"குசினி வாசல்" என்றாள்.

தோண்டினார்கள். கல் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு சிவப்புச் சாயமிட்ட சீமெந்துத் தரையில் ஒரு துண்டும் வந்தது. குசினித் தரையை எண்பத்தெட்டில் நான்தான் போடுவித்தேன், எங்கள் தொழிற்சாலைச் சீமெந்தில். கையில் எடுத்துப் பார்த்தேன். வெடிப்பு ஒன்றும் இல்லை. நல்ல சீமெந்து.

விசாகினி கடதாசியை நீட்டி, எல்லை விசயத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டாள். மர வரிசைதான் எல்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் இன்றே முடிந்தது. கல்லுக்கு நேரேதான் எல்லை என்று நான் நின்றால், அத்தனை வருடம் அந்தத் துண்டை ஆண்ட உரிமை அவனுக்கு இருக்கிறது, ஆகவே அது பிணக்கு, நீதிமன்றம்.

உண்மையை அளந்து நிரூபித்த பிறகு உண்மை இல்லை என்று கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். யோசிக்க வேண்டும் என்றேன். பிரதிவாதி கொட்டிலுக்குள் போனான். அவன் சேட்டின் முதுகுப் பக்கம் மண்.

ஆடி 12, வியாழன்

அக்கா காலையில் இடியப்பம் அவித்தாள், சொதி வைத்தாள், என் சேட்டை ஊறப்போட்டாள். நானே தொடங்கினேன். இது ஒன்றரை அடி மண்ணுக்காக இல்லை, நியாயத்துக்காக என்றேன். எங்களிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், யார் எடுத்தது என்று கேட்க எவனுக்கும் தைரியம் இல்லை, கேட்டுப் பதில் வாங்கக்கூடிய ஒரே களவு இது ஒன்றுதான் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் சேட்டைப் பிழிந்துகொண்டு சொன்னாள்:

"தம்பி, அந்தப் பொட்டை நீ அடைச்ச அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கும் சொல்லமாட்டன். சொதி ஆறுது, சாப்பிடு."

சாப்பிட்டேன். சொதியில் உப்பு இல்லை. அவளுக்கு ஒருநாளும் உப்பு மறந்ததில்லை.

ஆடி 15, ஞாயிறு

தனிய ஊருக்குப் போனேன். பிரதிவாதியிடமிருந்து எழுத்தில் ஒரு ஒப்புதல் வாங்குவதுதான் நோக்கம். வேலியைத் தள்ளியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், நான் என் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்பதாகச் சொல்ல நினைத்திருந்தேன்.

அவன் கொட்டிலுக்கு வெளியே மூன்று கல் வைத்து விறகில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். அடுப்படியில் சாம்பல் ஒரு சிரட்டையில் அள்ளி வைத்திருந்தது. எனக்கும் ஊற்றினான். வேண்டாம் என்று சொல்ல முன் கையில் தந்துவிட்டான். நான் வந்த விசயத்தைச் சொன்னேன்.

எழுதித் தரத் தேவையில்லை என்றான். கல்லுக்கு நேரே எல்லை என்று செயலகத்தில் தானே கையெழுத்து வைப்பானாம். நான் வழக்கில் வென்றதாகவே இருக்கட்டுமாம். பிணக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை. மரங்கள் என் காணிக்குள் நிற்கின்றன, ஆகவே மரமும் எனக்கு.

நான் எதிர்பார்க்கவில்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்க வேண்டும் என்று யோசித்தேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிழவனாகிவிட்டான். முன்பு கரப்பந்து விளையாடிய கை, இப்போது கேத்திலைத் தூக்க மற்றக் கையும் வேண்டியிருக்கிறது. வன்னியில் கலியாணம் செய்து, அந்த மனிசியும் கடைசிச் சண்டையோடு போய்விட்டாள் என்று முன்பு யாரோ சொன்னார்கள். அதற்கு நான் ஒரு தபாலட்டை கூடப் போடவில்லை.

"அப்ப மரத்தைத் தறிக்க வேணும்" என்றேன்.

"தறி. கல்லுக்கு நேரை புது வேலி போடு." தேநீரை ஊதினான். "மரம் போனால் பொட்டு எங்கை இருந்ததெண்டு ஒருதருக்கும் தெரியாது. அது உனக்கு நல்லம்தானே."

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"நீ ஒரு மாதம் முந்தி அடைச்சிட்டாய், பரன்" என்றான். "வைகாசியிலை நான் அம்மானிட்டை வந்து வழக்கைச் சமாதானமாக்கிப்போட்டு உன்ரை அக்கா லோசியைத் திரும்பவும் கேக்க இருந்தனான். ஒழுங்கையாலை சுத்தி வரலாம்தான். வெக்கமாய் இருந்தது. பேந்து ஆனியாய்ப் போச்சு."

அதன் பிறகு அவன் வேறு என்னவோ, தகரத்தைப் பற்றி, கதைத்தான். எனக்கு நினைவில்லை. திரும்பும்போது ஒழுங்கையால் சுற்றிப் போக வேண்டும் என்று நினைத்தேன். பொட்டு கிட்ட இருந்தது. அதனால் போனேன். நான் நினைத்ததைவிட ஒடுக்கம், தோளைத் திருப்பித்தான் நுழைய வேண்டும்.

ஆடி 18, புதன்

செயலகத்தில் கையெழுத்து வைத்தேன். 'தெற்கு எல்லை: பூவரச மரங்கள்.' பிணக்கு இல்லை.

அளவையின்படி வழக்கில் நான் சொன்னதே சரி என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மரம் தறிக்க இப்போது ஆள் பிடிப்பது கஷ்டம், அதுதான் காரணம். விசாகினி காரணம் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

ஐப்பசி 9, செவ்வாய்

முதல் கொடுப்பனவு வந்தது. வீடு என்று சொல்ல முடியாது, ஒரு அறை, ஒரு குசினி, சுவருக்கு மட்டும் போதும். யன்னலை மனப்பாடம் செய்த மனிதரை வங்கியில் கண்டேன். எத்தனை யன்னலுக்குத் தந்தார்கள் என்று கேட்டேன். யன்னலே கேட்கவில்லையாம், கவலைப்பட்டார்.

அறைக் கதவுக்கு எந்தப் பூட்டு வேண்டும் என்று அக்காவைக் கடைக்குக் கூட்டிப் போனேன். எல்லாப் பூட்டையும் திறந்து பூட்டிப் பார்த்தாள். கடைக்காரருக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

கார்த்திகை 11, ஞாயிறு

இரண்டு நாள் மழை. மண் இளகியிருக்கிறது, கதியால் நட நல்ல பதம்.

மரங்களுக்கு இடையில் மாடு நுழைகிறபடியால் வேலி அடைக்க வேண்டியிருந்தது. தெற்கு வேலி அவர்கள் பொறுப்பு என்றாலும் முழங்கால் நோவோடு அவரைத் தனிய விட முடியாது. நான் அலவாங்கால் குழி போட்டேன். குலத்தான், பழையபடி அப்படியே எழுதுகிறேன், தடியை நீட்ட நான் நட்டேன். கிளுவைத் தடி. அவரே வெட்டி வைத்திருந்தார். பச்சைத் தடி, நாலைந்து கிழமையில் துளிர்க்கும். கிழக்கு ஒழுங்கைப் பக்கமிருந்து மேற்கே போனோம்.

பொட்டு வந்தபோது அவர் அடுத்த தடியை நீட்டினார். நான் வாங்கவில்லை. அலவாங்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குழி போடத் தொடங்கினேன். அவர் தடியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். இருமினார்.

மேற்கு முடிவில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசி நாலைந்து தடியை அவரே நட்டார். நான் மரத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடி மரத்துக்கு நேரே. இரண்டாவதும் நேரே. மூன்றாவதைக் குழியின் விளிம்பில், என் பக்கமாக, நான்கு விரல் தள்ளி வைத்து மண்ணை மிதித்தார். வேண்டுமென்று செய்ததா, கை பழகிப்போனதா என்று சொல்ல முடியாது. மிதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத்தான்" என்றேன், "கடலுக்குப் போறியள்."

பொட்டுக்கு அந்தப் பக்கம், அவருடைய அடுப்படியிலிருந்து, அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.